பச்சை உடம்புக்காரிக்குப் பத்து நாள்

கி.மு. 37-ம் ஆண்டு. ரோமாபுரியில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தன் மனைவிக்காக ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். காதல் காவியம் என்று நினைத்துவிடாதீர்கள். விவசாயப் புத்தகம். அம்மணி புதிதாக ஒரு நிலம் வாங்கியிருந்தார். வாங்கியாச்சு, இனி அதை எப்படிக் கட்டிக் காப்பது? அதற்குத்தான் புத்தகம்.

பெரியவர் பெயர் மார்கஸ் டெரன்ஷியஸ் வாரோ. லேசுப்பட்ட ஆள் இல்லை. பாம்ப்பியின் தளபதியாக இருந்து ஜூலியஸ் சீசரை எதிர்த்து நின்றவர். ஜெயித்த சீசர் இவரை மன்னித்ததோடு, ரோமில் பொது நூலகம் அமைக்கும் பொறுப்பையும் இவரிடமே கொடுத்தார். சீசர் கொல்லப்பட்ட பிறகு, மார்க் ஆன்டனி இவர் பெயரைக் கொலைப் பட்டியலில் சேர்த்தார். உயிர் தப்பியது. சொந்த நூலகம் சூறை போனது. இவ்வளவு களேபரத்துக்கும் பிறகு, அந்த மகா பண்டிதர் உட்கார்ந்து என்ன எழுதினார் தெரியுமா? மற்ற விஷயங்களோடு, குட்டி போட்ட பன்றியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதினார்.

முகத்தைச் சுளிக்காமல் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது இரண்டாயிரம் வருஷத்துக் கதை. ஒரு தாய் பிரசவிப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்கிற கேள்விக்கு மனிதன் எப்படியெல்லாம் கணக்குப் போட்டான் என்கிற கதை.

வாரோவின் புத்தகத்தில் ஆடு, மாடு, பன்றி சமாச்சாரமெல்லாம் இரண்டாம் பாகத்தில் வருகிறது. நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதியிருப்பார். பன்றியைப் பற்றிப் பேசுகிறவர் ட்ரெமீலியஸ் ஸ்க்ரோஃபா. தமாஷ் என்னவென்றால், லத்தீனில் ஸ்க்ரோஃபா என்றாலே தாய்ப்பன்றி என்றுதான் அர்த்தம். இப்படியும் ஒரு குடும்பப் பெயரா? அதற்கும் ஒரு கதை சொல்கிறார். அவருடைய தாத்தா மாசிடோனியாவில் படையோடு இருந்தபோது எதிரிகள் வந்து தாக்கினார்களாம். தாய்ப்பன்றி குட்டிகளைச் சிதறடிக்கிற மாதிரி இவர்களை விரட்டுகிறேன் பார் என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி ஜெயித்துக்கொண்டு வந்தாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

சரி, அவர் என்ன சொல்கிறார்?

ஒவ்வொரு தாய்ப்பன்றிக்கும் தனித்தனிக் கொட்டடி வேண்டும். சுவர் சுமார் மூன்று அடி உயரம் போதும். ஏன் மூன்று அடி? மேய்ப்பவன் வெளியில் நின்றபடியே எட்டிப் பார்க்க வேண்டும். தாய் படுக்கும்போது குட்டி எதுவும் அடியில் மாட்டி நசுங்கவில்லையே என்று கவனிக்க வேண்டும். வாசலில் ஒரு படி. உயரம் ஓர் அடியும் நாலு விரற்கடையும். நம் கணக்கில் 37 சென்டிமீட்டர். தாய் தாண்டிப் போய்விடும், குட்டியால் தாண்ட முடியாது. குட்டி போட்டவளுக்குத் தண்ணீரில் ஊறவைத்த பார்லி கொடுக்க வேண்டும். முதல் பத்து நாள் தண்ணீர் குடிப்பதற்குத் தவிர அவளை வெளியே விடக்கூடாது. பத்து நாள் கழித்து மேயவிடலாம். அதுவும் பக்கத்திலேயே. நினைத்தபோது ஓடிவந்து பால் கொடுக்க வேண்டுமல்லவா?

நம் வீடுகளில் பிரசவமானவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள். பத்தியம், தனி அறை, காற்றுப் படாமல் பாதுகாப்பு எல்லாம் உண்டு. வாரோ சொல்வது ஏறக்குறைய அதுவேதான். அந்தப் பத்து நாள் கணக்கை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு?

பன்றியின் சினைக்காலம் 114 நாள். ஐரோப்பிய விவசாயிகள் சுலபமாக ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். பிறக்கிற குட்டியின் எடை ஒன்றரை கிலோவுக்குள்தான். தாயின் எடை 200 கிலோவுக்கு மேல். அம்மா கொஞ்சம் அசந்து சாய்ந்தால் முடிந்தது. அதற்காகக் குட்டி தள்ளிப் படுக்குமா என்றால் படுக்காது. அதற்குக் குளிர். உடம்பில் ரோமம் கிடையாது, சூடு தருகிற கொழுப்பும் கிடையாது. 34 டிகிரி வெப்பம் இருந்தால்தான் பிறந்த குட்டிக்கு இதமாக இருக்கும். எனவே, கதகதப்புக்காக அம்மா மேலேயே ஒட்டும். எங்கே சூடோ அங்கேதான் ஆபத்து.

அடுத்தது பால். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு கர்ப்பத்திலேயே வந்துவிடும். பன்றிக்குட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிறந்த பிறகு சீம்பாலில்தான் வரவேண்டும். அதையும் முதல் ஒரு நாளுக்குள் குடித்தாக வேண்டும். அதற்குமேல் குடலுக்கு அதை இழுத்துக்கொள்ளும் திறமை போய்விடும். தாயை இழந்த குட்டியின் கதி என்ன என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெற்றோரை வேட்டையில் இழந்து கதறிய பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதரே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார் என்று திருவிளையாடல் புராணத்தில் தனியாக ஒரு படலமே இருக்கிறது.

பால் குடிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சில நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். ரிசர்வேஷன் மாதிரி. அப்புறம் மாறாது. ஏறக்குறைய மணிக்கொரு தரம் தாய் உறுமிக் கூப்பிடும். உறுமல் வேகம் பிடிக்கிற நேரத்தில் பால் இறங்கும். எவ்வளவு நேரம்? சுமார் இருபது விநாடி. அவ்வளவுதான். அந்த நேரத்தில் தன் இடத்தில் இல்லாத குட்டி அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்க வேண்டும். வாரோ இதையும் விடவில்லை. காம்பு எத்தனையோ அத்தனை குட்டி இருப்பதுதான் சரி, குறைந்தால் லாபமில்லை, மிஞ்சினால் அது ஏதோ தெய்வச் சகுனம் என்கிறார்.

வாரோவுக்குப் பிறகு பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பன்றிகள் பெரும்பாலும் காட்டில் மேய்ந்தன. ஓக் மரக்கொட்டை உதிர்கிற பருவத்தில் ஊர்ப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். 1086-ல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில், பல இடங்களில் காட்டின் அளவையே எத்தனை பன்றி மேயும் என்றுதான் எழுதினார்கள். ஏக்கர் கணக்கைவிட அது அவர்களுக்குச் சுலபமாகப் புரிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை தலைகீழானது. இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. ஐரோப்பாவுக்கு மலிவாக இறைச்சி வேண்டும். பண்ணையில் வேலை செய்ய ஆள் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. கிடைத்தவர்களுக்குக் கூலி அதிகம். பன்றிகள் கூரைக்குக் கீழே போயின. 1950களிலும் 60களிலும் ஓர் இரும்புச் சாமான் பண்ணை பண்ணையாகப் பரவியது. பிரசவக் கூண்டு.

சுமார் இரண்டு மீட்டர் நீளம். அகலம் 60 சென்டிமீட்டர். ஒரு ரயில் பெர்த்தை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டி போடச் சில நாள் இருக்கும்போதே தாயை அதற்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். எழலாம், படுக்கலாம். திரும்ப முடியாது. கம்பிக்கு வெளியே, விளக்குச் சூட்டில் குட்டிகள் படுத்திருக்கும். பால் வேண்டுமென்றால் கம்பிக்குக் கீழே புகுந்து வரும். மூன்று நான்கு வாரம் கழித்துக் குட்டிகளைப் பிரிக்கும்வரை தாய்க்கு இதுதான் வாசம்.

நியாயமாகச் சொல்லிவிடுவோம். இதைக் கண்டுபிடித்தவர்கள் கொடூரர்கள் இல்லை. தாய் சட்டென்று சாய முடியாது, கம்பியைப் பிடித்து மெதுவாகத்தான் இறங்க வேண்டும் என்பதால் நசுங்கிச் சாகிற குட்டிகள் குறைந்தன. இடமும் மிச்சம். எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் ஒன்று உண்டு. வாரோவின் மூன்றடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தானே ஒருவன், அவனுடைய சம்பளம். ஒரே ஆள் நூற்றுக்கணக்கான பன்றிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. பேலன்ஸ் ஷீட்டில் கூண்டு ஜெயித்தது.

அந்த பேலன்ஸ் ஷீட்டில் ஒரே ஒரு பதிவு விட்டுப்போனது.

1964-ல் ரூத் ஹாரிசன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி ‘அனிமல் மெஷின்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். நவீனப் பண்ணைகளுக்குள் என்ன நடக்கிறது என்று அதுவரை கடையில் பாக்கெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குக் காட்டினார். பெரிய கூச்சல் எழுந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி போட்டால் விஷயம் கிடப்பில் போகும் என்பது நமக்குத் தெரியும். இந்தக் கமிட்டி 1965-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. ஒரு பிராணிக்குக் குறைந்தபட்சம் ஐந்து சுதந்திரம் வேண்டும் என்றது. எழ, படுக்க, கைகால் நீட்ட, உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, திரும்ப.

திரும்ப! கூண்டுக்குள் அதுதானே முடியாது?

பண்ணைக்காரர்களிடம் பதில் தயாராக இருந்தது. இந்தக் காலத்துப் பன்றிக்கு இதெல்லாம் தேவையே இல்லை சார். இது காட்டுப்பன்றியா என்ன? ஆயிரக்கணக்கான வருஷமாக வீட்டு விலங்கு. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வளர்த்தது. காட்டு புத்தியெல்லாம் எப்போதோ போய்விட்டது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மையா?

1970களின் கடைசியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டேவிட் வுட்-கஷ், அலெக்ஸ் ஸ்டோல்பா. சாதாரணப் பண்ணைப் பன்றிகளை வாங்கினார்கள். மரம், புதர், ஓடை, சேறு எல்லாம் இருக்கிற ஒரு திறந்தவெளியை வேலி போட்டு அடைத்து, உள்ளே விட்டார்கள். விட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். பல மாதங்கள், வருஷங்கள்.

பண்ணைப் பன்றி என்ன செய்தது தெரியுமா? குட்டி போடுகிற நாள் நெருங்கியதும் கூட்டத்தை விட்டுப் பிரிந்தது. எல்லோரும் சேர்ந்து தூங்குகிற இடத்திலிருந்து தள்ளிப் போய், மறைவாக ஓர் இடம் தேடியது. மூக்காலும் காலாலும் மண்ணைத் தோண்டிக் குழி பறித்தது. புல்லையும் சருகையும் வாயில் கவ்வி வந்து போட்டது. சுற்றிலும் குச்சிகளையும் கிளைகளையும் அடுக்கியது. பறவை கூடு கட்டுகிற மாதிரி. மணிக்கணக்காக வேலை. கட்டி முடித்துப் படுத்த பிறகுதான் பிரசவம்.

யார் சொல்லிக் கொடுத்தது? காட்டுப்பன்றி இதைத்தான் செய்யும். ஆயிரக்கணக்கான வருஷம் மனிதனோடு வாழ்ந்தும், அந்தப் பாடம் மறக்கவில்லை. மண்ணும் புல்லும் கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது. 1980களில் ஸ்வீடனில் பேர் ஜென்சன் என்ற ஆய்வாளரும் வெளியில் விட்ட பண்ணைப் பன்றிகளில் இதையே பார்த்தார். குட்டி போட்ட தாய் கூட்டை விட்டு அதிகம் நகர்வதில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி கூட்டத்தோடு சேர எவ்வளவு நாள்? ஏறக்குறைய பத்து நாள்.

வாரோ சொன்ன அதே பத்து நாள். அவரிடம் கேமரா கிடையாது, புள்ளிவிவரம் கிடையாது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களின் அனுபவம்தான் கிடைத்தது.

கூண்டுக்குள் இருக்கிற பன்றிக்கு இந்த ஆசை இல்லையா? இருக்கிறது. கூடு கட்டச் சொல்வது உடம்பில் சுரக்கிற ஹார்மோன். புல் இருக்கிறதா இல்லையா என்று அது விசாரித்துக்கொண்டு சுரப்பதில்லை. பிரசவத்துக்கு முந்தைய நாள் கூண்டுப் பன்றி வெறும் தரையை முன்காலால் பறண்டும். கம்பியைக் கடிக்கும். எழும், படுக்கும், மறுபடி எழும். பண்ணைக்காரர்கள் பல வருஷமாகப் பார்த்த காட்சிதான். எடின்பரோவுக்குப் பிறகுதான் அதன் அர்த்தம் தெளிவாகப் புரிந்தது. அது கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டத்தான் ஒன்றும் இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் விட்டுப்போன பதிவு அதுதான்.

இந்தக் கட்டத்தில் நம் கதைக்குள் எண்பது வயது ஆள் இன்னொருவர் வருகிறார். இந்தத் தடவை பாட்டி.

ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். உலகம் முழுக்கக் குழந்தைகள் படித்த ‘பிப்பி லாங்ஸ்டாக்கிங்’ கதைகளை எழுதியவர். ஸ்வீடனில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1980களின் நடுவில் கிறிஸ்டினா ஃபோர்ஸ்லுண்ட் என்ற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தார். மாடு புல்வெளிக்குப் போகவேண்டும், பன்றிக்கு வைக்கோல் வேண்டும், தாய்ப்பன்றியைக் கட்டிப்போடக் கூடாது.

ஒரு பாட்டி எழுதுவதற்கெல்லாம் அரசாங்கம் பயப்படுமா? ஸ்வீடன் அரசாங்கம் பயந்தது. காரணம் இருக்கிறது. 1976-ல் இதே பாட்டிக்கு ஒரு வரிக் கணக்கு வந்தது. அவருடைய வருமானத்தின் மேல்தட்டுக்கு 102 சதவிகித வரி. நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் நூற்றிரண்டு ரூபாய் கட்டவேண்டும்! பாட்டி சண்டை போடவில்லை. ஒரு கிண்டல் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். நாடே சிரித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சியில் இருந்த கட்சி அந்த வருஷத் தேர்தலில் தோற்றது. தோல்விக்கு அந்தக் கதையும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

எனவே, 1987 நவம்பரில் பாட்டிக்கு எண்பது வயது ஆனபோது, பிரதமர் இங்வார் கார்ல்சன் பிறந்தநாள் வாழ்த்தோடு ஒரு பரிசையும் கொண்டுவந்தார். விலங்குகளுக்குப் புதிய பாதுகாப்புச் சட்டம். 1988-ல் அமலுக்கு வந்த அதை ஜனங்கள் ‘லிண்ட்கிரென் சட்டம்’ என்றே கூப்பிட்டார்கள். தாய்ப்பன்றி கூண்டிலிருந்து வெளியே வந்தது. பாட்டிக்கு முழுத் திருப்தியா என்றால், அதுவும் இல்லை. சட்டம் போதாது என்று குறைதான் பட்டார்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ரிச்சர்ட் ரோட்நைட் என்ற விவசாயி 1950களிலேயே பன்றிகளை வயலில் விட்டு, தனித்தனிக் குடிசைகளில் குட்டி போடவைத்தார். கூண்டு பரவிக்கொண்டிருந்த அதே காலம் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்குப் பிரிட்டனின் தாய்ப்பன்றிகளில் சுமார் 40 சதவிகிதம் திறந்தவெளியில்தான் பிரசவிக்கின்றன.

அந்த வயல்களைப் பார்த்தால் ஏதோ ராணுவ முகாம் மாதிரி இருக்கும். அரை வட்டமாக வளைத்த தகரக் குடிசைகள், வரிசை வரிசையாக. ஒரு தாய்க்கு ஒரு குடிசை. உள்ளே நிறைய வைக்கோல். அதை வைத்து அவளே தன் இஷ்டப்படி மெத்தை போட்டுக்கொள்வாள். தண்ணீர் தேங்காத மணல் பாங்கான நிலமாகப் பார்த்துத்தான் இறக்குவார்கள். சேறும் ஈரமும் குடிசைக்குள் வந்தால் குட்டி விறைத்துவிடும். வெயில் காலத்தில் உருள்வதற்குச் சேற்றுக் குட்டை தேவை. வெள்ளைப் பன்றிக்குத் தோல் வெந்துபோகும். கொட்டகையில் பிறந்த குட்டிக்கு இரும்புச்சத்து ஊசி போட்டாக வேண்டும், தாய்ப்பாலில் அது போதாது. வயலில் பிறந்த குட்டி மண்ணைக் கிளறித் தின்று தானே அதைத் தேடிக்கொள்ளும்.

குடிசை வாசலில் ஒரு தடுப்பு வைப்பார்கள். தாய் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போகும். குட்டிகள் வளர்கிறவரை வெளியே வரமுடியாது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஓர் அடி, நாலு விரற்கடை!

இதற்காக வெளியில் வளர்த்தால் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொன்னதாக நினைக்காதீர்கள். வயலிலும் குட்டிகள் நசுங்குகின்றன. நரி தூக்குகிறது, காக்கை கொத்துகிறது. பனிக்காற்றடிக்கிற ராத்திரியில் ஒருவன் எழுந்து போய் ஒவ்வொரு குடிசையாகப் பார்க்க வேண்டும். வைக்கோல் விலை இருக்கிறது. நிலம் வேண்டும். ஆள் வேண்டும். கூண்டு மிச்சம் பிடித்த செலவு அத்தனையும் திரும்பி வருகிறது.

அதை யார் கொடுப்பது? இங்கேதான் பிரிட்டன் சூடுபட்டது. சினையாக இருக்கிற பன்றியை மாதக்கணக்கில் அடைத்துவைக்கிற இன்னொரு வகைக் கூண்டை 1999 ஜனவரியிலிருந்து முழுக்கத் தடை செய்தார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கு அதே தடை 2013-ல்தான் வந்தது, அதுவும் பாதித் தடை. நடுவில் பதினாலு வருஷம். பிரிட்டிஷ் விவசாயி செலவு செய்து வளர்த்தார். கடையில் பக்கத்திலேயே கூண்டு நாட்டு இறைச்சி மலிவாகக் கிடைத்தது. கூண்டு வேண்டாம் என்று கோஷம் போட்ட அதே ஜனங்கள் எதை வாங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? சுமார் பத்து வருஷத்தில் நாட்டின் தாய்ப்பன்றிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பன்றிக் காய்ச்சல், கோமாரி, பவுண்டின் மதிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. இந்த விலை வித்தியாசமும் அதில் ஒன்று.

பிரசவக் கூண்டை அந்தத் தடை தொடவே இல்லை. கூண்டுகளே வேண்டாம் என்று ஐரோப்பாவில் சுமார் 14 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். 2023 முடிவதற்குள் சட்ட முன்வடிவு கொண்டுவருகிறோம் என்று 2021 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் வாக்குக் கொடுத்தது. 2023 முடிந்தது. முன்வடிவு வரவில்லை.

இதற்கு நடுவே பன்றியையும் விட்டுவைக்கவில்லை. அதிகக் குட்டி போடுகிற இனமாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில், டென்மார்க்கில் ஒரு தாய் சராசரியாகப் பதினேழுக்கு மேல் உயிருள்ள குட்டிகளைப் போடுகிறது. காம்பு பெரும்பாலும் பதினாலு, பதினைந்துதான். மிச்சக் குட்டிகளை வேறு தாயிடம் விடுகிறார்கள். காம்புக்கு மிஞ்சிய குட்டியைத் தெய்வச் சகுனம் என்றார் வாரோ. இப்போது அதற்குப் பெயர் உற்பத்தித் திறன்.

பெரியவர் தன் மனைவிக்குச் சொன்ன கணக்கு எளிமையானது. ஒரு தனி இடம், கொஞ்சம் ஊறிய பார்லி, தாண்டமுடியாத ஒரு படி, பத்து நாள், எட்டிப் பார்க்க ஓர் ஆள். இதில் விலை அதிகம் அந்தக் கடைசி ஐட்டத்துக்குத்தான். கூண்டு வந்தது அந்த ஆளை நிறுத்துவதற்கு. கூண்டு போகவேண்டுமானால் அந்த ஆள் திரும்பி வரவேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்கப்போவது பண்ணைக்காரர் இல்லை, கடையில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறாரே, அவர்தான்.